சத்திரம்: படுக்கும் இடமா, பசியாற்றும் இடமா?

வடசென்னையில் வயதானவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்து, 1782 வாக்கில் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. சத்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் மணியக்காரர். மணியம் என்றால் மேற்பார்வை. கோயிலோ ஊரோ, பொறுப்பேற்று நடத்துபவர் மணியக்காரர். அதனால் அது மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் 'மனேகார் சௌல்ட்ரி' ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்கினார். 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வந்தது. ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் வைத்த பிறகும் மக்கள் நாக்கில் கஞ்சிதான் நின்றது.

சத்திரம் என்ற சொல்லும் சோற்றோடு ஒட்டியதுதான். வடமொழியில் 'சத்ர' என்றால் பல நாள் அமர்ந்து செய்யும் வேள்வி. அப்புறம் அது கொடைக்கும், அன்னமிடும் இடத்துக்கும் பெயரானது. தமிழில் அதுவே சத்திரம். அறுவை சிகிச்சைக்கு ஈழத்தில் வழங்கும் 'சத்திர சிகிச்சை' வேறு. அது ஆயுதத்தைக் குறிக்கும் 'சஸ்திர' என்பதிலிருந்து வந்தது. சௌல்ட்ரிக்கும் சத்திரத்துக்கும் வேர் ஒன்றல்ல. சௌல்ட்ரி என்பது சாவடி திரிந்து வந்தது. 'சத்திரம் சாவடி' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் சாவடி வெறும் பொதுக்கூடம். சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி இரண்டிலும் இன்றைக்கும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

சரி, சத்திரத்தைத் தமிழில் என்ன சொல்வது? பலர் 'விடுதி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடுதி தங்கும் இடம், பெரும்பாலும் காசு கொடுத்துத் தங்கும் இடம். சத்திரத்தின் உயிரான சோறு அந்தச் சொல்லில் இல்லை. மணிமேகலை அமுதசுரபியோடு போய்ப் பசித்தவர்களுக்கு உணவிட்ட புகார் நகரத்துப் பொது இடத்தின் பெயர் உலக அறவி. எவ்வளவு அழகான பெயர்! பட்டினப்பாலையில் அதே ஊரின் அறம் நிலைத்த அட்டில் வருகிறது. அட்டில் என்றால் சமையற்கூடம். சோறு வடித்த கஞ்சி அங்கே தெருவில் ஆறு போல ஓடியதாம். பொதுவாக எழுத 'அறச்சாலை' போதும். அதைவிட எனக்குப் பிடித்தது, பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் வழங்கிய 'ஊட்டுப்புரை'. ஊட்டும் வீடு என்று நேராகவே சொல்லிவிடுகிறது. மணியக்காரர் சத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை.

திருமண மண்டபத்தை இன்னும் கல்யாணச் சத்திரம் என்பவர்களைத் திருத்த வேண்டியதில்லை. அங்கே பந்தி நடக்கிறதே.