ஏ.பி.சி. ஜூஸ் வடிகட்டிய பின் எஞ்சும் சக்கை

நீரிழிவுக்கு உணவு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் அடித்து வடிகட்டிய ஏ.பி.சி. ஜூஸ் என்ற பதில் இப்போது அடிக்கடி வருகிறது. சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று தொடர்ந்து கேட்டால், பலரும் குப்பையில் போட்டுவிடுவதாகவே சொல்கிறார்கள். அவர்களுக்கு மிகவும் தேவையான நார்ச்சத்து அப்படி வீணாவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவிலிருந்தே பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. பழச்சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் கணக்கிலேயே அந்நிறுவனம் சேர்க்கிறது. வடிகட்டும்போது சர்க்கரை தம்ளருக்குள் இறங்கிவிட, அது இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கக்கூடிய நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினிலும் கணிசமான பங்கு சக்கையோடு நின்றுவிடுகிறது. ஆகவே, வடிகட்டாமல் குடிப்பதும், அதைவிடக் கடித்து மென்று தின்பதும் நல்லது என்பதே என் முதல் ஆலோசனை. வடிகட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் சக்கையைச் சமையலில் சேர்த்துவிடலாம்.

இந்தச் சக்கைக்கு மிகவும் பொருந்துவது துவையல். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பையும் காய்ந்த மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு துண்டு இஞ்சியோடு சக்கையைப் போட்டு, பச்சை வாசனை போய் ஈரம் வற்றும் வரை வதக்கி, ஆறியபின் புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். பீட்ரூட்டின் மண்வாசனையைப் புளியும் இஞ்சியும் அடக்கிவிடும்; கரோட்டின் உடலில் சேர எண்ணெயும் துணைசெய்யும். சப்பாத்தி மாவில் சேர்ப்பவர்கள் இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் சக்கை, உப்பு, ஓமம் போட்டு, முதலில் தண்ணீர் ஊற்றாமல் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். சக்கையின் ஈரம் அதற்குள் மாவில் இறங்கிவிடும் என்பதால், அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர் தெளித்தால் போதும். அடை மாவிலும் கலக்கலாம்.

அரைபட்ட சக்கை விரைவில் புளித்துவிடும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல், உடனே சமைக்க முடியாவிட்டால் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆப்பிள் விதைகளை அடிப்பதற்கு முன்பே நீக்கிவிடுவது அவசியம்.

சுரைக்காய், வெள்ளரிக்காய்ச் சாறு குடிப்பவர்கள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே அடிக்க வேண்டும். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயையே ஒதுக்கிவிட வேண்டும். குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளால் வரும் அந்தக் கசப்பு வேகவைத்தாலும் நீங்காது என்பதால் அதன் சக்கையும் சமையலுக்கு ஆகாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பீட்ரூட், கீரைச் சக்கையை மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

புளிப்பு வாடை வந்துவிட்ட சக்கை உரத்தொட்டிக்கு மட்டுமே ஏற்றது. ஈரம் மிகுந்த அதைத் தனியாகக் கொட்டினால் நாற்றமெடுத்துப் புழு வைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதன்மேல் காய்ந்த இலைச்சருகையோ தேங்காய் நார்த்தூளையோ தாராளமாகப் பரப்பி மூடிவிட வேண்டும்.