சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு வலியா? எல்லாம் சுளுக்கு இல்லை

துணி பிழியும்போதும் கையை ஊன்றி எழும்போதும் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகச் சுரீரென்று வலிக்கிறது என்று வருபவர்களில் பலர், 'சுளுக்குதான் டாக்டர்' என்று தாங்களே முடிவுகட்டி, மாதக்கணக்கில் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சுளுக்கு அவ்வளவு நாள் இழுக்காது. முன்கை எலும்பு ஒன்று சற்று நீண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம்.

முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ் எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அல்னா. மணிக்கட்டுக்கு வரும் சுமையில் சுமார் 80 சதவீதத்தை ரேடியஸ்தான் தாங்கும். அல்னா வெறும் 2.5 மில்லிமீட்டர் நீண்டால் போதும், அதன் பங்கு 20 சதவீதத்திலிருந்து 40க்கு மேல் போய்விடும். சிலருக்கு இது பிறவி அமைப்பு, சிலருக்கு ரேடியஸ் முறிந்து குட்டையாகக் கூடியதன் விளைவு. நீண்ட அல்னா இடிக்க இடிக்க நடுவிலிருக்கும் குருத்தெலும்புத் தட்டு தேய்ந்து ஓட்டையாகும், எதிரே உள்ள லூனேட் என்ற மணிக்கட்டுச் சிற்றெலும்பும் கெடும்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது பிடிபடாமல் போகலாம். உள்ளங்கை கீழே பார்க்க, முஷ்டியை இறுக்கி எடுக்கும் படத்தில் அல்னா இன்னும் சற்று முன்னே வந்து நிற்கும். அதற்காகப் படத்தில் அல்னா நீளம் என்றாலே ஆபரேஷன் என்று கிளம்பிவிட வேண்டாம், வலியே இல்லாமல் அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். முதலில் ஓய்வு, மணிக்கட்டுக்குப் பட்டை, மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி.

சில மாதம் பார்த்தும் தீரவில்லையா, சரி, அல்னாவைக் குட்டையாக்கலாம். எலும்பின் நடுத்தண்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சில்லு ஒன்றை அறுத்தெடுத்து, முனைகளைச் சேர்த்து பிளேட்டும் திருகும் வைத்து இறுக்குவோம். கூடுதலாக வெட்டினால் அல்னாவும் ரேடியஸும் சந்திக்கும் மூட்டில் அழுத்தம் ஏறும், அதனால் அளவில் கஞ்சத்தனம் நல்லது. அந்த மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இந்த முறையே பொருந்தாமல் போகலாம். நீளம் கொஞ்சம்தான் கூடுதல் என்றால் நுண்துளை வழியாக அல்னாவின் நுனியை மட்டும் சீவிவிடலாம், அதில் எலும்பு ஒன்றுகூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அறுத்த எலும்பு கூடுவதற்குத்தான் பொறுமை வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். புகைப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும், சிலருக்குக் கூடாமலே போகும், அதனால் சிகரெட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கறாராகவே சொல்லிவிடுவேன். தோலுக்கு அடியில் பிளேட் உறுத்துகிறது என்று பின்னால் எடுக்க வருபவர்களும் உண்டு. எடுத்தாலும் திருகு இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை அந்தக் கையால் பாரம் தூக்குவதைத் தள்ளிப்போட வேண்டும்.