பளபளப்பைப் பார்த்து டிராம்போன் வாங்காதீர்கள்

கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்து கிறிஸ்துமஸ் கீத பவனி தொடங்குவதற்குள் என் பட்டறை நிரம்பிவிடும். வருபவற்றில் பல, யாரோ புதிதாக வாங்கிய பழைய டிராம்போன்கள்; குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளை வாத்தியம். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, பார்சலைப் பிரித்து, வாயில் வைத்து ஊதிய பிறகுதான் பழுதுபார்ப்பவனின் நினைவு வருகிறது. கடந்த வாரம் மார்த்தாண்டம் பக்கமிருந்து சபை இளைஞர்கள் சிலர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணியில், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற வாயில், முகம் தெரிந்தது. உள்குழாய்கள் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு மட்டும் நான்காம் நிலையை, அதாவது அதை இழுத்து நிறுத்தும் நான்காவது இடத்தை, தாண்ட மறுத்தது. “கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டான் ஒருவன். ஏற்கெனவே விட்டுத்தான் இருந்தான். தேங்காய் எண்ணெய்.

முதலில் இந்தப் பளபளப்பைப் பேசி முடித்துவிடுகிறேன். நாற்பது ஐம்பது வருடப் பித்தளை மங்கித்தான் இருக்கும். லாக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்து, கைபடும் இடம் கறுத்திருந்தால் அது நேர்மையான வாத்தியம். பழையது புதிதுபோல் மின்னினால், விற்பதற்காக யாரோ அதைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார் என்று பொருள். சக்கரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. மணியின் தகடோ முதலிலேயே மெல்லியது. மணியில் பொறித்த எழுத்துகளைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் வழுக்கையாக இருந்தால் எவ்வளவு தேய்த்திருக்கிறார்கள் என்று புரியும். பற்றவைத்த இடங்களும் பழைய அரிப்பும் அந்த மினுமினுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வீட்டில் புளி போட்டுத் துலக்கிய டிராம்போனையும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும்.

மணியில் சிறு ஒடுக்கைக் கண்டு ஆயிரம் ரூபாய் குறைத்துப் பேசுகிறவர்கள் ஸ்லைடைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. மணி ஒடுக்கை நான் தட்டி எடுத்துவிடுவேன், அது ஒலியையும் பெரிதாகப் பாதிக்காது. டிராம்போனின் உயிர் ஸ்லைடில் இருக்கிறது. உள்குழாய்களின் அடிமுனை சற்றே பருத்திருக்கும்; உரசலெல்லாம் அங்கேதான். அதற்கும் வெளிக்குழாய்க்கும் இடையே உள்ள இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவு. அங்கே வெள்ளை முலாம் உரிந்து மஞ்சள் பித்தளை எட்டிப்பார்த்தால், எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது.

சோதிப்பது எளிது. ஸ்லைடை நேராக நிறுத்தி, பூட்டைத் திறந்து, வெளிக்குழாயைக் கீழே மெல்ல விடுங்கள். கீழே மறு கையை ஏந்தியிருங்கள்! அது தன் எடையிலேயே தயங்காமல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வெளி ஸ்லைடைக் கழற்றி, அதன் ஒரு காலை மட்டும் ஓர் உள்குழாயில் செருகி ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. தனித்தனியே வழுக்கிக்கொண்டு ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிடித்தால், குழாய்கள் இணையாக இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யலாம். தனியாக ஓட்டும்போதே ஒரு கால் பிடித்தால் அந்தக் குழாயில் ஒடுக்கோ வளைவோ இருக்கிறது. அதற்கு வேலை அதிகம், செலவும் அதிகம். தொலைவிலிருந்து வாங்குகிறீர்களா? இந்தச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தெரியாத மாடல் என்றால் மணியிலுள்ள பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். தயாரித்தவர் ஒருவராகவும் பெயர் பொறித்த கடைக்காரர் வேறொருவராகவும் இருப்பது பழைய வாத்தியங்களில் சாதாரணம். இங்கிலாந்துச் சரக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளும் இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பின் பேண்டுகளும் உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்றைக்குச் சுருதிக்கு அளவுகோலான ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். அவர்களுக்கு ஏறத்தாழ 452. செமிடோனில், அதாவது அரை ஸ்வரத்தில், பாதி தூக்கல். அதைக் கீழே கொண்டுவர, சுருதி சேர்க்கும் வளைகுழாயான டியூனிங் ஸ்லைடை வழக்கத்தைவிட ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அதிகம் இழுக்க வேண்டும். பலவற்றில் அவ்வளவு குழாயே கிடையாது. அவர்களுடைய கேத்தரின் பூத் மருத்துவமனையால் இரட்சணிய சேனையை நன்றாக அறிந்த நாகர்கோவிலில், அந்தப் பெயர் பொறித்த வாத்தியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். வாத்தியம் அருமையாகவே இருக்கலாம்; ஆலயத்துக் கீபோர்டுடன் சேராது. போனில் சுருதி காட்டும் டியூனர் செயலியைத் திறந்து, முதல் நிலையில் பி-பிளாட் ஊதச் சொல்லிக் கேளுங்கள். டியூனிங் ஸ்லைடு நீட்டி மாற்றப்பட்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்லைடில் நீளமான கைப்பிடி இருந்தால் அதைக் கூடுதல் வசதி என்று நினைக்க வேண்டாம். அது பிரிட்டிஷ் பேண்டுகளின் ‘ஜி’ பேஸ் டிராம்போன். கடைசி நிலைகளுக்குக் கை எட்டாது என்பதால் வைத்த பிடி அது. வழக்கமான பி-பிளாட் டிராம்போனில் பழகிய நிலைகள் எல்லாம் அதில் வேறு ஸ்வரம் பேசும்.

வாய் வைத்து ஊதும் மவுத்பீஸில், குழாய்க்குள் செருகும் தண்டு சிறியது, பெரியது என்று இருவகை. பழையவற்றில் இவற்றுக்குள் அடங்காத அளவுகளும் உண்டு. ஆடினாலோ பாதி வெளியே நின்றாலோ அது உங்கள் வாத்தியத்துக்கு உரியதன்று.

கொளச்சல், முட்டம் கடற்கரைப் பக்கத்து வாத்தியங்களில் இன்னொன்றையும் தேடுகிறேன். மவுத்பீஸ் செருகும் குழாயிலும் டியூனிங் ஸ்லைடின் வளைவிலும் சிவந்த புள்ளிகள், சிலவற்றில் நடுவே கறுப்புப் பொட்டு. பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அரிப்பு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. மேலே தேய்த்து என்ன பயன்? எச்சிலும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும்.

வாங்கியாகிவிட்டதா? பழைய ஆள் விட்டுப்போன அழுக்கோடு ஊதாதீர்கள். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, வளையும் பிரஷ் போதும். கொதிநீர் லாக்கரை உரித்துவிடும். ஸ்லைடுக்கு அதற்கென்று விற்கும் கிரீமும் தண்ணீர்த் தெளிப்பும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். ஏசி போட்ட ஆலயத்தில் உங்கள் ஸ்லைடு பாட்டின் நடுவே நின்றுவிடும். உறையாவிட்டாலும் நாளாக நாளாகப் பிசினாகும். ஊதி முடித்ததும் நீரை வடித்துத் துடைத்து வையுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம்; பெட்டிக்குள் பூஞ்சை பிடித்தால் வெயிலில் விரித்துக் காயவிடுங்கள், வாத்தியத்தை வெளியே எடுத்துவிட்டு.

மவுத்பீஸ் இறுகிவிட்டதா? தயவுசெய்து குறடு எடுக்காதீர்கள் மக்களே. அதை இழுக்கத் தனிக் கருவி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, அதற்கு நான் காசு வாங்குவதுமில்லை. குறட்டால் திருகிக் குழாயை முறித்துக்கொண்டு வந்தால் வாங்குவேன்.