ஆயில் கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கார் நிறுவனங்கள் பொதுவாக இன்ஜின் ஆயில் தயாரிப்பதில்லை. அவற்றின் பெயர் அச்சிட்ட 'ஜெனுயின்' கேனுக்குள் இருப்பதும் ஏதோ ஓர் எண்ணெய் நிறுவனம் கலந்து கொடுத்த சரக்குதான். ஆகவே சர்வீஸ் சென்டர் ஆயிலா, வெளிக்கடை ஆயிலா என்ற பட்டிமன்றத்தால் பயனில்லை. அந்த ஆயில் எந்தச் சோதனையில் தேறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

5டபிள்யூ-30 என்ற கிரேடு அதைச் சொல்லாது. அதிலுள்ள 30, சூடான ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது: 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். ஆனால் இன்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஆயில் படலம் இதைவிடச் சூடாகி, மிகக் குறுகிய இடைவெளியில் நசுங்கி ஓடுகிறது. அந்த நிலைக்கென 150 டிகிரியில் தனிச் சோதனை உண்டு, எச்டிஎச்எஸ் என்பார்கள். 30 கிரேடுக்கு அதில் 2.9 மில்லிபாஸ்கல்-விநாடி இருந்தால் போதும். ஐரோப்பிய கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏ (ACEA) வகுத்த சி3 தரம் கேட்பதோ குறைந்தது 3.5. ஆக, ஒரே கிரேடு எழுதிய இரு கேன்கள் பேரிங்குக்குள் ஐந்தில் ஒரு பங்கு வேறுபடலாம்.

டீசல் காரில் இன்னொரு சிக்கல் சாம்பல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரிப்புகை சுமார் 600 டிகிரியில் எரிந்துவிடும். ஆயிலில் கலந்த கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் விட்டுப்போகும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். சி3 ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; அதே சங்கத்தின் ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம். பிஎஸ்6 டீசலுக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று ஏ3/பி4 ஊற்றினால் இன்ஜினுக்கு உடனே ஒன்றும் ஆகாது. பில் வருவது வடிகட்டி அடைத்த பிறகுதான்.

டர்போ பெட்ரோலில் கதை வேறு. நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ளவற்றில், குறைந்த வேகத்தில் பாரம் ஏறும்போது கலவை முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைக்கக்கூடும். கால்சியம் மிகுந்த ஆயில் அதைத் தூண்டும். அமெரிக்க பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2020-இல் கொண்டுவந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கான சோதனை இருக்கிறது. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காருக்குக் கையேடு சொல்லும் கிரேடும் ஏபிஐ தரமும் பொருந்தினால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் பெயருக்குத்தான்.

இனி லேபிள். 'அப்ரூவல்' என்ற சொல்லோடு எம்பி 229.51 (மெர்சிடிஸ் பென்ஸ்), விடபிள்யூ 504 00 (ஃபோக்ஸ்வேகன்) போன்ற எண் இருந்தால் கார் நிறுவனம் அந்த ஆயிலை ஏற்றிருக்கிறது. 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்' என்பவை ஆயில் விற்பவரின் வாக்கு மட்டுமே. வாரண்டி உள்ள காருக்கு முதல் வகையே நல்லது. கிரேடும் எண்ணும் குறித்த பில்லை வாங்கி வையுங்கள். புதிய எண் எப்போதும் மேலானது என்றும் நினைக்க வேண்டாம். விடபிள்யூ 508 00 என்பது மெல்லிய 0டபிள்யூ-20. 504 00 கேட்கும் பழைய இன்ஜினில் ஊற்றக் கூடாது.

எந்த ஆயிலானாலும் ஆயில் ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். கையேடு சொல்லும் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் பார்த்து மீதியை நிரப்புங்கள். டீசலில் பிறகு அந்த மட்டம் தானாக மேலே ஏறியிருந்தால், டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.