சூட்கேஸில் வரும் திராட்சைக் குச்சி

போன வாரமும் ஒருவர் வந்தார். ஐரோப்பாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனவர், ஒயின் தோட்டம் ஒன்றில் கேட்டு வாங்கிய நாலு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எப்படி நடுவது என்று கேட்கத்தான் என்னிடம் வந்தது. இந்த வருஷத்தில் இவர் மூன்றாவது ஆள். நடவே கூடாது என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"பூச்சி ஒண்ணுமே இல்லையே சார், நல்லாப் பார்த்துத்தான் எடுத்தேன்." எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான்.

ரோக்மோர் என்று தெற்கு பிரான்சில் ஓர் ஊர். அங்கே ஒரு ஒயின் வியாபாரி 1862-ல் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளை ஆசையாக நட்டார், அவையும் ஜோராக வளர்ந்தன, ஆனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் காய ஆரம்பித்தன என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. செத்த கொடிகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்தும் வேரில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1868 ஜூலையில் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் இன்னும் இருவரும் பார்வைக்கு நன்றாக இருந்த கொடிகளின் வேரைப் பார்த்தபோதுதான் மஞ்சள் மஞ்சளாக, மில்லிமீட்டர் அளவில், அப்பிக் கிடந்தது ஃபைலாக்ஸெரா, வேரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. செத்த வேரில் அதற்கு என்ன வேலை, உயிருள்ள வேருக்குப் போய்விடும். அதனால் செழிப்பாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதீர்கள். செழிப்பான கொடியில்தான் அது இருக்கும். வேரில்லாத குச்சிதானே என்றால், பட்டைக்குள் முட்டை இருக்கலாம். வைரஸ் இருந்தால் லென்ஸ் வைத்தாலும் தெரியாது.

1875-ல் 8 கோடி ஹெக்டோலிட்டருக்கு (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) மேல் ஒயின் எடுத்த பிரான்ஸ், இந்தப் பூச்சியால் 1889-ல் இரண்டே கால் கோடி சொச்சத்துக்கு இறங்கியது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் ஃபிராங்க் பரிசு என்று அரசு அறிவித்தும், அந்தப் பணம் கடைசிவரை யாருக்கும் போகவில்லை. இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். அதற்காக இறக்குமதி செய்த கொடிகளோடு அடிச்சாம்பல் என்ற இலை நோயும் வந்து சேர்ந்தது, 1878-ல். (கம்பம் பக்கத்தில் நாம் அடிக்கிற போர்டோக் கலவை அந்த நோய்க்குத்தான் வந்தது. பிரான்சின் போர்டோ பக்கத்தில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க ரோட்டோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள்; அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார், 1885-ல் வெளியிட்டார்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறக்குமதி அனுமதி, அந்த நாட்டின் பயிர் நலச் சான்றிதழ், இங்கே வந்தபின் தனிமைப்படுத்திக் கண்காணிப்பு, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு குச்சிகூட வரக் கூடாது. புது ரகம் வேண்டுமா, ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் தோட்டம் சுற்றிப் பார்த்தால் ஷூ மண்ணை அங்கேயே கழுவிவிடுங்கள். அப்புறம், ஏற்கெனவே கொண்டுவந்து நட்டிருந்தால், தயவுசெய்து பிடுங்கி வாய்க்காலில் போடாதீர்கள், பக்கத்துத் தோட்டக்காரருக்கு நறுக்கிக் கொடுக்காதீர்கள். நேரே வந்து சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.