கிராமாஜ்: தாளுக்கு எடை உண்டு, தடிப்பு வேறு

மொரீஷியஸில், போர்ட் லூயிஸிலோ ரோஸ் ஹில்லிலோ கடையில் அழைப்பிதழ் அட்டை வாங்கும்போது காதில் விழும் சொல் கிராமாஜ். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாள் எத்தனை கிராம் எடை நிற்கும் என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டு அச்சகங்களில் இதையே ஜி.எஸ்.எம். என்பார்கள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 கிராம் தாளில் ஒற்றை ஏடு 5 கிராம் இருக்கும், 160 கிராம் தாளில் 10 கிராம்.

சொல் பிரெஞ்சு: 'கிராம்' என்பதோடு 'ஆஜ்' என்ற விகுதி சேர்ந்தது. கிராமுக்கு மூலம் 'கிராம்மா' என்ற கிரேக்கச் சொல். அதற்கு எழுத்து என்றும் பொருள், ஒரு சிறு நிறை என்றும் பொருள். 1795 ஏப்ரலில் பிரான்ஸ் சட்டம் இயற்றி கிராமை அளவையாக்கியபோது மொரீஷியஸ் 'ஈல் த பிரான்ஸ்' என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்கள் அதற்கு முன்பே இங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1810இல் தீவு ஆங்கிலேயர் வசமானது. கடைத்தெருவின் பேச்சு மாறவில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'கனம்' என்கிறோம். குழப்பம் அங்கேதான். கனம் வடமொழி 'கன'விலிருந்து வந்தது. பாரத்தையும் அது குறிக்கும், தடிப்பையும் குறிக்கும். கிராமாஜோ பாரத்தை மட்டும் சொல்வது. தடிப்பை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பார்கள். பூச்சு பூசி அழுத்திய பளபளப்புத் தாளும், பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் பிரிஸ்தோல் அட்டையும் 200 கிராம் என்று ஒரே எண்ணைத் தாங்கியிருக்கலாம். தொட்டுப் பார்த்தால் பிரிஸ்தோல்தான் தடிப்பு. (பிரிஸ்தோல் என்பதும் ஆங்கிலேய ஊர்ப்பெயர்தான், பிரெஞ்சு வழியாக வந்து அட்டைக்குப் பெயரானது.)

வீட்டு மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் அட்டை ஏன் ஆமை வேகத்தில் வருகிறது என்பதற்கும் பெரும்பாலும் இந்தக் குழப்பமே காரணம். தாள் கனமாக இருக்கிறதே என்று, அச்சிடுமுன் திரையில் வரும் தாள்வகைப் பட்டியலில் புகைப்படத் தாளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் முதலில் கேட்பது எடையை அல்ல, மேற்பரப்பை. புகைப்படத் தாள் என்றதும் அச்சுத்தலை ஒரே பட்டையின் மேல் பலமுறை ஓடும், பல பொறிகளில் ஒரு திசையில் போகும்போது மட்டுமே மை தெளிக்கும், தாளும் சிறிது சிறிதாகவே நகரும். பூச்சில்லாத பிரிஸ்தோலில் இத்தனை பாடும் வீண். மை நாருக்குள் இறங்கிப் பரவிவிடுவதால் அந்த நுண்புள்ளிகள் கண்ணில் படப்போவதில்லை.

பூச்சில்லாத அட்டைக்குச் 'சாதாரணத் தாள்' போதும். பிரெஞ்சுப் பட்டியலில் அது 'பாப்பியே ஒர்தினேர்'. தரத்தை நடுத்தரத்தில் வையுங்கள். இருதிசை அச்சு என்ற தெரிவு இருந்தால் குறியிடுங்கள், அமைதி முறை இருந்தால் எடுத்துவிடுங்கள், அது வேகத்தைக் குறைக்கும். தடித்த தாளுக்கென்று தனித் தெரிவும் சில பொறிகளில் உண்டு. அது அச்சுத்தலைக்கும் தாளுக்கும் இடைவெளியைக் கூட்டுகிறது, வேகமும் குறையலாம். ஓரத்தில் மை தேய்ந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். பூச்சுள்ள தாளில் இந்தக் குறுக்குவழி செல்லாது. நிறம் வெளிறும், மை காயாமல் கையில் ஒட்டும்.

தடிப்பு குறுக்கே வரும் இடம் தாள் போகும் பாதை. முன்தட்டிலிருந்து போகும் தாள் பல பொறிகளில் வளைந்து திரும்பித்தான் மேலே வரும். அட்டை அங்கே முரண்டு பிடிக்கும். பின்பக்க வாய் இருந்தால் அதில் ஒவ்வொன்றாகக் கொடுப்பதே நல்லது. மேல்வரம்பு எத்தனை கிராம் என்று பொறியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, மேட்டுநில ஊரான க்யூர்பிப்காரர்களுக்கு. கிராமாஜை அளக்கும் சோதனைக்கூடத்தில் தாளை 23 பாகை செல்சியஸ் வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையில் பழக்கி வைத்துத்தான் நிறுப்பார்கள். மேட்டுநில மழைக்காற்றில் பிரித்து வைத்த கட்டு அதைவிட அதிக ஈரம் குடிக்கும். எடை ஏறும், ஓரம் நெளியும், மை காயவும் நேரமாகும். காவடி அழைப்பிதழுக்கு வாங்கிய அட்டையை அச்சிடும் நாள் வரை உறை பிரிக்காமல் வைத்திருங்கள்.

சொல்லுக்கு வருவோம். 'அடர்த்தி' பொருந்தாது, அது கன அளவுக்கு உரியது. 'பரப்படர்த்தி' இயற்பியலில் சரியான சொல்தான், ஆனால் கடையில் நின்று சொல்ல வாய் வராது. பேச்சுக்குத் 'தாள் எடை' போதும். எழுத்துக்குப் பரப்பு, எடை இரண்டையும் புணர்த்திப் 'பரப்பெடை' என்பது என் தேர்வு. 'பரப்பெடை 200, பூச்சில்லாதது' என்று அட்டைக்கட்டின் மேல் எழுதி வைத்தால், பட்டியலில் எதைத் தொடுவது என்ற கேள்வியே எழாது.