'ரொம்ப' வரும் இடமெல்லாம் 'வெரி' வராது

திருத்த வந்த விண்ணப்பக் கடிதத்தில் மறுபடியும் அதே இரண்டு வரிகள்: 'ஐ வெரி லைக் திஸ் ஜாப்', 'ஐ ஆம் டூ எக்ஸைட்டட் டு வொர்க் வித் யூ'. முதலாவது இலக்கணப் பிழை, மன்னித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு, 'பரபரப்பு தாங்காமல் என்னால் உங்களோடு வேலை செய்ய முடியாது' என்றுதான் பொருள் வரும்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: 'டூ' என்பது 'வெரி'யின் அண்ணன் இல்லை. வெரி கொஞ்சம், டூ அதற்கும் மேலே என்று ஏணி எதுவும் ஆங்கிலத்தில் கிடையாது. 'வெரி ஹாட்' காபியைக் குடிக்கலாம், 'டூ ஹாட்' காபி நாக்கைச் சுட்டுவிடும். பெயரடைக்கு முன்னால் டூ வந்தாலே அளவு மீறிவிட்டது, ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். நண்பர்களுக்குள் 'டூ குட்' என்று பாராட்டிக்கொள்ளுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

குழப்பம் நம் 'ரொம்ப'வில் இருக்கிறது. 'ரொம்ப நல்லவர்', 'ரொம்பப் பிடிக்கும்', 'சர்க்கரை ரொம்ப' என்று மூன்று வேலையையும் அது ஒன்றே பார்த்துவிடுகிறது. ('நிரம்ப' தேய்ந்துதான் 'ரொம்ப' ஆனது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் 'ஃபுல்' இப்படி உழைத்தது. 'ஃபுல் வெல்' (மிக நன்றாக) இன்னும் இருக்கிறது.)

வெரி பிறந்த இடம் வேறு. லத்தீன் 'வேருஸ்', அதாவது மெய். 'வெரிஃபை', 'வெர்டிக்ட்' எல்லாம் அதே வேர். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது அது 'மெய்யான' என்ற பெயரடை. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், கண் மங்கிய தந்தை ஈசாக்கு, தன் எதிரே நிற்பவனைத் தடவிப் பார்த்து 'மை வெரி சன் ஏசா'தானா என்று அறிய விரும்புகிறார். மெய்யாகவே என் மகன் ஏசாதானா என்பதே அதன் பொருள். 'மெய்யாகவே நல்லவன்' என்று அழுத்திச் சொல்லிச் சொல்லி, மெய் தேய்ந்து மிகுதி மட்டும் மிஞ்சியது. பழைய பொருளின் சாயல் 'திஸ் வெரி ரூம்' என்பதில் இன்றும் உண்டு: இதே அறை. மொழிபெயர்ப்பவர்களே, அதை 'இந்த மிகவும் அறை' ஆக்கிவிடாதீர்கள்.

வினைச்சொல்லுக்கு முன்னால் வெரி நிற்காது. 'ஐ லைக் திஸ் ஜாப் வெரி மச்' என்று கடைசிக்குத் தள்ளுங்கள். 'வெரி பெட்டர்' கிடையாது, 'மச் பெட்டர்'. அனுப்புமுன் கடிதத்தில் பெயரடைக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு டூவையும் வட்டமிட்டு, அங்கே 'அளவுக்கு மீறி' என்று போட்டுப் படியுங்கள். பொருள் கெட்டால், அடித்துவிட்டு வெரி எழுதுங்கள்.